ஸ்கூல்ல வாரம் ஒரு பீரியட் நல்லொழுக்கம்னு வச்சா பசங்க மாறுவாங்களா? (கேரளா பார்டர், தமிழ் மீடியம்)

பார்டர்அம்மா:

வணக்கம்ங்க. எங்க ஊரு சித்தூர் தாலுகா. பாலக்காடு சித்தூருங்க, ஆந்திரா சித்தூர் இல்ல, இந்த குழப்பம் எப்பவும் வரும் அதான் முதல்லயே சொல்லிட்டேன். கொழிஞ்சாம்பாறைல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி. பையன் எட்டாவது, கவர்மெண்ட் ஹைஸ்கூல், தமிழ் மீடியம். அதே காம்பவுண்டுக்குள்ள மலையாள மீடியமும் இருக்குது. இந்த தடவ என்னைய பிடிஏ (பெத்தவங்க டீச்சர் சங்கம்) கமிட்டில போட்டு விட்டுட்டாங்க, வேண்டாம்னுதான் சொன்னேன், யாரு கேக்கறா.

விஷயம் இதுதான். இந்த வருஷம் ஸ்கூல்ல ஒண்ணு மாத்தி ஒண்ணு நடந்துட்டே இருக்குது. ஒன்பதாவது பசங்க சில பேரு பையில உதட்டுக்குள்ள வைக்கிற புகையிலை பொட்டலம் இருந்துச்சு. பாத்ரூம் கதவு ஒடஞ்சுது, யாருன்னு கேட்டா அத்தன பேரும் வாயே தொறக்கல. அப்பறம் மலையாள மீடியம் பசங்க நம்ம பசங்கள பாண்டி பாண்டின்னு (தமிழங்கள மட்டமா சொல்ற வார்த்தை) கூப்புட, நம்ம பசங்க பதிலுக்கு கை வைக்க, பஸ் ஸ்டாப்புல பெரிய ரகளை ஆகி போலீஸ் வர்ற வரைக்கும் போயிருச்சு.

பிடிஏ மீட்டிங்ல ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஒரு பெரியவரு எங்க காலத்துல நீதிபோதனை பீரியட் இருந்துச்சு, கூடவே பெரம்பும் இருந்துச்சுன்னாரு. இப்ப கோயமுத்தூர் பக்கம் இருந்து ஒரு ட்ரஸ்ட்காரங்க வந்து நாங்க வாரம் ஒரு கிளாஸ் இலவசமா எடுக்கறோம், தியானம், நற்குணம், பெத்தவங்கள மதிக்கறது எல்லாம் சொல்லித் தர்றோம், கடைசில சர்டிபிகேட்டும் உண்டுன்னு சொல்றாங்க. எச்.எம். டீச்சர் பிடிஏ சம்மதிச்சா மேல கேட்டுப் பாக்கறேன்னு பந்த நம்ம பக்கம் தள்ளிட்டாங்க.

இது நெஜமா வேலை செய்யுமா? எங்கயாவது பண்ணிப் பாத்தவங்க இருந்தா சொல்லுங்க. செலவு ரொம்ப இல்லாம நாமளே ஏதாவது பண்ண முடியுமா? அடுத்த மீட்டிங்குக்கு நான் ஏதாவது கையில கொண்டு போகணும், சும்மா போய் உக்காந்தா டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டு வர்றதோட சரி.

பொள்ளாச்சி வாத்தியார்:

அம்மா வணக்கம். நான் ஹைஸ்கூல் தமிழாசிரியரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். நீதிபோதனைய எல்லாரும் கிண்டல் பண்றாங்க, ஆனா அந்த பீரியட எடுத்துட்டு அந்த எடத்துல என்ன வச்சாங்க? கணக்கு வாத்தியார் போர்ஷன் முடிக்க கடன் வாங்கிக்கறாரு, அவ்வளவுதான்.

நம்ம நாட்டுல இந்தப் பேச்சு புதுசில்ல. 1959லயே மத்திய அரசு ஸ்ரீ பிரகாசா தலைமைல ஒரு கமிட்டி போட்டு பள்ளிக்கூடத்துல ஒழுக்கக் கல்வி எப்படி குடுக்கறதுன்னு கேட்டுச்சு. தமிழ்நாட்டுல 2016ல மதுரை ஹைகோர்ட் கிளை திருக்குறள்ல அறத்துப்பாலையும் பொருட்பாலையும் ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் பாடமா வைக்கணும்னு சொல்லுச்சு. 2023ல நாங்குநேரில சாதி வெறில ஒரு பள்ளிக்கூடப் பையன வீடு புகுந்து வெட்டுன கொடுமைக்கு அப்பறம் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு அவர்கள போட்டு அறிக்கை கேட்டாங்க, 2024 ஜூன்ல குடுத்தாரு, அதுலயும் ஆறாவதுல இருந்து வாரம் ஒரு பீரியட் அறநெறி வகுப்பு கட்டாயம் வேணும்னு இருக்கு. அதனால பீரியடே வேண்டாம்னு சொல்றவங்கள நான் ஒத்துக்க மாட்டேன்.

ஆனா வெளியாள் விஷயத்துல ஒண்ணு சொல்றேன், கவனமா கேளுங்க. அரசு பணத்துல மட்டும் நடக்கற பள்ளிக்கூடத்துல மதபோதனை கூடாதுன்னு அரசியல் சட்டம் 28ஆவது பிரிவு சொல்லுது. நற்குணம்னு பேர் போட்டு உள்ள வந்து வேற எதையோ சொல்லிட்டுப் போறவங்க நிறைய. 2024ல சென்னைல ஒரு அரசு பள்ளில என்ன நடந்துச்சுன்னு எல்லாரும் பாத்தோம். பேச வந்தவரு முன்ஜென்ம பாவம், கர்மான்னு பேச, கண் தெரியாத ஒரு ஆசிரியர் எந்திரிச்சு இதெல்லாம் எப்படி இங்க பேசலாம்னு கேட்டாரு. என்னைக் கேட்டா அன்னிக்கு அந்த ஹால்ல பிள்ளைங்களுக்கு நடந்த ஒரே ஒழுக்கப் பாடம் அந்த ஆசிரியர் எந்திரிச்சு நின்னது தான்.

கிளாஸ் வையுங்க, ஆனா உங்க ஸ்கூல் டீச்சரே எடுக்கட்டும்.

ஆனைமலை ஆட்டோ:

வாத்தியாரய்யா சொல்றது நல்லாத்தான் இருக்கு ஆனா ஒண்ணு கேக்கறேன், பசங்களுக்கு மட்டும் எதுக்குங்க ஒழுக்கம் கத்துக் குடுக்கணும்? நான் டெய்லி கோபாலபுரம் செக்போஸ்ட் வரைக்கும் சவாரி போறேன். நம்ம பக்கத்துல 2003லயே லாட்டரிய தடை பண்ணியாச்சு, ஆனா காலைல பாத்தா நம்மாளு பாதி பேரு பார்டர் தாண்டி லாட்டரி கடைல நிக்கறான், கூட சின்னப்பையன் வேற, டிக்கெட்ட கிழிக்கறதே அவன் கைராசின்னு. அங்க இருந்து அப்படியே கள்ளுக்கடை. திரும்பி வர்றப்ப ஆட்டோல பையனுக்கு புத்திமதி, நல்லா படிடா ஒழுங்கா இருடான்னு. பையன் என்னைய கண்ணாடில பாத்து சிரிக்கறான்.

பெரம்பு பேச்சு வேற. அது இப்ப சட்டப்படி தப்புங்க, ஆர்.டி.ஈ. (கல்வி உரிமைச் சட்டம்) வந்ததுல இருந்து அடிக்கக் கூடாது. அடி வாங்கி நாங்க ஒழுக்கமானோம்னு சொல்றவங்க எத்தன பேரு ஹெல்மெட் போடறாங்கன்னு பாருங்க.

மறையூர் டீச்சர்:

பார்டர்அம்மாக்கு, நான் இடுக்கி பக்கம் தமிழ் மீடியத்துல யு.பி. (அப்பர் பிரைமரி) டீச்சரா இருக்கேன், எஸ்டேட் பிள்ளைங்க தான் அதிகம். உங்க கதை அப்படியே எங்க கதை. கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கோங்க.

முதல்ல கிளாஸ் பத்தி. நம்ம கேரளாவுல 2025 ஜூன்ல ஸ்கூல் தொறந்த ஒடனே முதல் ரெண்டு வாரம் தெனமும் ஒரு மணி நேரம் பாடப் புஸ்தகம் இல்லாம போதை, ரோடு ரூல்ஸ், சுத்தம், மொபைல் பழக்கம்னு பேசச் சொன்னாங்க இல்லையா. ஐடியா நல்ல ஐடியா, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா நான் கவனிச்சது என்னன்னா, நான் பேசுன நேரம் எல்லாம் பிள்ளைங்க எனக்குப் புடிச்ச பதில சொல்லிட்டே இருந்தாங்க. போதை நல்லதா? இல்ல டீச்சர். பொய் சொல்லலாமா? கூடாது டீச்சர். நாலாவது படிக்கறப்பவே இந்தப் பதில் எல்லாம் அவங்களுக்கு மனப்பாடம். எது சரின்னு தெரியாம யாரும் தப்பு பண்றதில்லங்க. கூட இருக்கறவன் கேலி பண்ணுவானே, நான் மட்டும் தனியா நிக்கணுமேன்னு வர்ற பயம் தான். அந்த பயத்த லெக்சர் குடுத்து எடுக்க முடியாது.

உங்க பாத்ரூம் கதவு கேஸையே எடுத்துக்கோங்க. யாரும் வாய தொறக்கலன்னு எழுதியிருக்கீங்க. ஏன் தொறக்கல? சொன்னா காட்டிக்குடுத்தவன்னு பேரு, சொல்லலன்னா மொத்த கிளாசுக்கும் திட்டு, ரெண்டுல திட்டு பரவால்ல. அந்தக் கணக்கு புரியாம உண்மை பேசுங்கன்னு போர்டுல எழுதிப் போட்டு என்ன பிரயோஜனம். எங்க ஸ்கூல்ல ஜன்னல் ஒடஞ்சப்ப யாரு ஒடச்சதுன்னு கேக்கறத விட்டுட்டு, இத எப்படி சரி பண்ணலாம், எவ்வளவு ஆகும், யாரு யாரு சேர்றீங்கன்னு கேட்டோம். வட்டமா உக்கார வச்சு கிளாஸ் மீட்டிங். நான் ஓரத்துல தான் உக்காந்தேன், ஒரு பொண்ணு தான் நடத்துனா. ஒடச்சவனே கடைசில நான் ஆசாரிக்கு கூட நின்னு வேலை பண்றேன்னு வந்தான். எப்பவும் இப்படி சுபமா முடியும்னு சொல்லல, பாதி மீட்டிங் சண்டைல தான் முடியும், ஆனா சண்டைய பேசி முடிக்கறதே அவங்களுக்கு பழக்கமாகுது.

ரெண்டாவது, ஹானஸ்டி ஷாப். இங்க நிறைய ஸ்கூல்ல வச்சிருக்காங்க. ஒரு அலமாரி, பேனா, ரப்பர், நோட்டு, விலை எழுதின சீட்டு, ஒரு டப்பா. கடைக்காரர் கெடையாது. எடுத்துட்டு காச போட்டுட்டுப் போகணும். காசு கொறையும், கண்டிப்பா கொறையும், அதுக்கு தயாரா இருங்க. கொறஞ்ச அன்னிக்கு ஹெட்மாஸ்டர் கேமரா வச்சிரலாம்னாரு, நான் கால்ல விழாத கொறை தான், வச்சிட்டா அது சாதாரண கடை ஆயிரும் மாஷேன்னு சொல்லி நிறுத்துனேன். சாயங்காலம் பிள்ளைங்களே எண்ணி, இன்னிக்கு இவ்வளவு வரணும், இவ்வளவு வந்துச்சுன்னு போர்டுல எழுதிட்டு பேசாம போயிருவாங்க. யாரையும் கேக்கறதில்ல. கொஞ்ச நாள்ல எனக்கே தெரியாத ஒரு விஷயம் தெரிஞ்சுது, சில பிள்ளைங்க கைல நெஜமாவே காசு இல்ல, பேனா இல்லாம கிளாசுக்கு வந்தா திட்டு விழும்னு எடுத்திருக்காங்க. அதுக்கு ஒரு கடன் நோட்டு போட்டோம், பேர் எழுதிட்டு எடுத்துக்கலாம், எப்ப முடியுதோ அப்ப குடுக்கலாம். அந்த நோட்டு தான் இப்ப கடைய விட பெரிய பாடம்.

மூணாவது ஒரு எச்சரிக்கை. யாராவது ஜப்பான பாரு, அங்க பிள்ளைங்களே ஸ்கூல கூட்டிப் பெருக்குதுன்னு வீடியோ போடுவாங்க. நல்லது தான். ஆனா நம்ம ஊர்ல வெளக்குமாற யாரு கையில குடுக்கறாங்கன்னு பாருங்க. எப்பவும் ஒரே தெரு பிள்ளைங்க, எப்பவும் பொம்பளப் பிள்ளைங்க. கக்கூஸ் கழுவ விட்டாங்கன்னு எத்தன செய்தி வந்துச்சு. அதனால வேலைய பகிர்ந்து குடுக்கறதா இருந்தா ரோல் நம்பர் படி சுத்து முறைல, டீச்சரும் சேர்ந்து, லிஸ்ட்ட சுவத்துல ஒட்டி தான் பண்ணணும். கக்கூஸ் வேலை பிள்ளைங்களுக்கு கெடையவே கெடையாது. இது தப்புச்சுன்னா நீங்க கத்துக் குடுக்கறது வேற பாடம் ஆயிரும்.

ட்ரஸ்ட் வேண்டாம். வர்றவரு பேசிட்டுப் போயிருவாரு, திங்கக்கெழம பஸ் ஸ்டாப்புல சண்டை நடக்கறப்ப அவரு இருக்க மாட்டாரு.

நகரி_தம்பி:

ஹலோ, சித்தூர்னு பாத்ததும் நம்ம ஜில்லான்னு நெனச்சு உள்ள வந்துட்டேன் 😄 வந்தது வந்துட்டேன், சொல்லிட்டுப் போறேன்.

எங்க பக்கம் ஆந்திரா கவர்மெண்ட் 2024 நவம்பர்ல பிரவசனம் (ஆன்மிக சொற்பொழிவு) சொல்ற சாகண்டி கோட்டேஸ்வர ராவ் காருவ மாணவர்களுக்கான நன்னெறி ஆலோசகரா கேபினட் ரேங்க்ல போட்டாங்க. அவரு பேச்சுக்கு ஊர் பூரா ரசிகருங்க, எங்க அம்மம்மா டிவில அவரு வந்தா சோத்த கூட மறந்துரும். நல்ல பேச்சாளர், அத நான் மறுக்கல. ஆனா எங்க மாதிரி தமிழ் மீடியம் பசங்களுக்கு அது தெலுங்குல வர்ற இன்னொரு பிரசங்கம். எங்க ஸ்கூல்ல தமிழ் மீடியம் செக்‌ஷனே சுருங்கிட்டு வருது, டீச்சர் போஸ்ட் காலி. பாடம் எடுக்கவே ஆள் இல்லாத கிளாஸ்ல பசங்க என்ன கத்துக்கறாங்க? நம்மள யாரும் கண்டுக்கல, நாமளும் யாரையும் கண்டுக்க வேண்டாம், அது தான். வேகன்சி ஃபில் பண்றதும் ஒழுக்கக் கல்வி தான்னு நான் சொல்வேன், சிரிச்சாலும் பரவால்ல.

பி.எட்_பாலு:

டீச்சரம்மா சொன்னதுக்கு ஆதாரம் இருக்குங்க. நான் இப்ப பாலக்காட்டுல பி.எட். பண்ணிட்டு இருக்கேன், சைக்காலஜி பேப்பர்ல படிச்சது. 1920கள்ல அமெரிக்கால ஹார்ட்ஸ்ஹார்ன், மே அப்படின்னு ரெண்டு பேரு ஆயிரக்கணக்கான பசங்கள வச்சு நேர்மைய சோதிச்சுப் பாத்தாங்க. பரீட்சைல காப்பி அடிக்க சான்ஸ் குடுக்கறது, விளையாட்டுல பொய் ஸ்கோர் போட சான்ஸ் குடுக்கறது, வீட்டுல இருந்து செஞ்சுட்டு வர்ற வேலைல ஏமாத்த சான்ஸ் குடுக்கறது, இந்த மாதிரி. ரிசல்ட் பாத்தா ஒரு எடத்துல ஏமாத்துன பையன் இன்னொரு எடத்துல நேர்மையா இருக்கான். இவன் நல்லவன் இவன் கெட்டவன்னு சுளுவா பிரிக்க முடியல. ஒழுக்க வகுப்புக்குப் போற பசங்களுக்கும் போகாத பசங்களுக்கும் பெரிய வித்தியாசமும் இல்ல. கூட இருக்கறவங்க என்ன பண்றாங்க, மாட்டற சான்ஸ் எவ்வளவு, டீச்சர் எப்படிப்பட்டவரு இதெல்லாம் தான் முடிவு பண்ணுச்சு.

2010ல அமெரிக்கா கல்வித்துறை ஏழு விதமான கேரக்டர் ப்ரோக்ராம எலிமெண்டரி ஸ்கூல்கள்ல போட்டு வருஷக்கணக்கா பாத்து ரிப்போர்ட் விட்டாங்க, மொத்தமா எடுத்துக்கிட்டா சொல்லிக்கற மாதிரி பலன் ஒண்ணும் இல்ல. அத வச்சு எதுவுமே வேலை செய்யாதுன்னு சொல்லிர முடியாது, ஆனா பாக்கெட் போட்டு விக்கற ப்ரோக்ராமுக்கு காசு குடுக்கறதுக்கு முன்னாடி யோசிக்கணும். உங்க ட்ரஸ்ட் இலவசம்னு சொல்றாங்க, சரி, ஆனா பிள்ளைங்களோட டைம் இலவசம் இல்லையே.

டெல்லில 2018ல ஹேப்பினஸ் கரிக்குலம்னு ஆரம்பிச்சாங்க, நர்சரில இருந்து எட்டாவது வரைக்கும் அதுக்குன்னு தனி பீரியட், பரீட்சை கெடையாது, மார்க் கெடையாது. எனக்குப் புடிச்சது அந்த மார்க் இல்லாதது தான். ஜப்பான்ல ஒழுக்கத்த 2018ல பிரைமரில முறையான பாடமாவே ஆக்கிட்டாங்க, அதுக்கும் அங்க எதிர்ப்பு இருந்துச்சு, ஒரு கொழந்தையோட மனச எப்படிய்யா மதிப்பீடு பண்ணுவன்னு.

அப்பறம் எஸ்.பி.சி. பத்தி யாரும் சொல்லவே இல்லையே? ஸ்டூடண்ட் போலீஸ் கேடட். 2010ல கேரளாவுல தான் ஆரம்பிச்சாங்க, 2018ல நாடு முழுக்க கொண்டு போனாங்க. அது ட்ரை பண்ணலாமே.

பார்டர்அம்மா:

எல்லாருக்கும் நன்றிங்க. டீச்சர், அந்த கடன் நோட்டு விஷயம் படிச்சு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு.

பாலு தம்பி, எஸ்.பி.சி. எங்க பக்கத்து ஸ்கூல்ல இருக்கு. காக்கி யூனிஃபார்ம் போட்டு பரேடு போறத பாக்க நல்லாத்தான் இருக்கு, எம் பையனுக்கும் ஆசை. ஆனா ஒரு பேட்ச்சுக்கு 44 பேரு தான் எடுக்கறாங்க, பாதி பசங்க பாதி பொண்ணுங்க. டெஸ்ட் வச்சு, ஓட விட்டு, நல்லா படிக்கறவன் நல்லா ஓடறவன் உள்ள போயிர்றான். பையில புகையிலை வச்சிருந்த பையன் வெளிய தான் நிக்கறான். யாருக்கு வேணுமோ அவனுக்கு கெடைக்கல. கிரேஸ் மார்க் கெடைக்கும்னு அப்பா அம்மா தள்ளி விடறதும் நடக்குது. ஆரம்பிக்கறதுக்கும் அப்ளிகேஷன், போலீஸ் ஸ்டேஷன் ஒத்துழைப்பு, ரெண்டு டீச்சர் டிரெய்னிங் போகணும்னு வேலை நெறைய.

ஆனா எனக்கு இன்னும் பதில் கெடைக்காத கேள்வி அந்த மலையாளம் தமிழ் சண்டை. அத என்ன பண்றதுன்னே தெரியல. வீட்டுல எம் பையன் கிட்ட கேட்டா அவங்க தான் ஆரம்பிச்சாங்கங்கறான். அந்த பக்கத்து அம்மாக்களும் அப்படியே தான் சொல்றாங்க.

மறையூர் டீச்சர்:

அது தான் உங்க ஸ்கூல்ல முக்கியமான விஷயம், நீங்க அத கடைசில கேக்கறீங்க 🙂

உங்க ஸ்கூல்ல ரெண்டு மீடியமும் எங்கயாவது சேர்ந்து ஏதாவது பண்றாங்களா? நான் பாத்த வரைக்கும் பல ஸ்கூல்ல அசெம்ப்ளில வரிசை தனி, சோறு சாப்பிடற எடம் தனி, கலோத்சவத்துக்கு (கலை விழா) ஐட்டம் தனி, ஒரே கேட்டு வழியா வர்றது மட்டும் தான் பொது. போதை எதிர்ப்பு பிரதிக்ஞை (உறுதிமொழி) எடுக்கறப்ப மலையாளத்துல மட்டும் படிப்பாங்க, நம்ம பிள்ளைங்க கைய நீட்டிட்டு வாய மட்டும் அசைக்கும். அந்த எடத்துலயே ரெண்டு கூட்டத்துக்கும் பாடம் ஆயிருச்சு, இது எங்க ஸ்கூல், நீங்க வந்தவங்கன்னு. அப்பறம் வெளிய போய் பாண்டின்னு கூப்புடறதுல என்ன ஆச்சரியம்.

சின்னதா ஆரம்பிங்க. பிரதிக்ஞை ரெண்டு பாஷைலயும், தமிழ மலையாள மீடியம் பிள்ளை ஒண்ணு படிக்கட்டும், மலையாளத்த நம்ம பிள்ளை படிக்கட்டும். தப்பா படிப்பாங்க, சிரிப்பாங்க, சிரிக்கட்டும். ஃபுட்பால் டீம கலந்து போடுங்க, மீடியம் வாரியா மேட்ச் வைக்கறத நிறுத்தச் சொல்லுங்க, அத விட மோசமான ஐடியா ஒண்ணு இல்ல. ஸ்கூல் பார்லிமெண்ட் எலெக்‌ஷன்ல லீடர் ஒரு மீடியம்னா டெபுடி இன்னொரு மீடியம்னு வைங்க. இதுக்கெல்லாம் அஞ்சு பைசா செலவில்ல, ஆனா டீச்சர்ஸ் ரூம்ல ரெண்டு மேசை தனித்தனியா இருந்துச்சுன்னா முதல்ல அத சேருங்க, அது தான் கஷ்டம்.

பொள்ளாச்சி வாத்தியார்:

டீச்சர் சொன்ன கலந்து போடறது எங்க தமிழ்நாட்டுப் பக்கம் 2024 நவம்பர்ல மகிழ் முற்றம்னு கொண்டு வந்திருக்காங்க. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலைன்னு அஞ்சு குழு. கிளாஸ், சாதி, தெரு பாக்காம பிள்ளைங்கள பிரிச்சுப் போட்டு, டீச்சர்களும் ஒவ்வொரு குழுலயும். பாலைன்னு வந்த பிள்ளைங்க மட்டும் எங்களுக்கு ஏன் சார் வறண்ட எடம்னு கேட்டாங்களாம், நம்ம தொல்காப்பியர் காலத்து சங்கடம். உங்க ஸ்கூல்லயும் ரெண்டு மீடியத்தையும் இப்படி கலந்து குழு போட யாரு தடுக்கப் போறா.

ஆனா பாலு தம்பி சொன்ன ஆராய்ச்சி எனக்கு முழுசா ஒப்பல. ஒழுக்க வகுப்பு பலன் இல்லன்னா அந்த வகுப்பு எப்படி நடந்துச்சுன்னு பாக்கணும். நான் குறள வச்சு கிளாஸ் எடுக்கறப்ப அர்த்தம் சொல்லி முடிக்க மாட்டேன். "இன்னாசெய் தாரை ஒறுத்தல்" எடுத்தா, நாண நன்னயம் செஞ்சிருன்னு வள்ளுவர் சொல்றாரு, ஆனா தெனமும் உன் டிபன் பாக்ஸ எடுத்துத் திங்கறவனுக்கு நன்னயம் செய்ய முடியுமா, செஞ்சா அவன் இன்னும் ஏறி மிதிக்க மாட்டானான்னு கேப்பேன். பிள்ளைங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சு வள்ளுவரையே ஒரு கை பாத்துருவாங்க. அதுல ஒருத்தன் முடியாது சார், வள்ளுவருக்கு டிபன் பாக்ஸ் போகலன்னான். அந்த மாதிரி வாதம் நடக்கணும்னா அதுக்கு ஒரு பீரியட் வேணுமா வேண்டாமா? வட்டமா உக்காந்து பேச டைம்டேபிள்ல எடம் வேணும்ல? அதத்தான் நான் கேக்கறேன்.

இன்னொண்ணு, உங்க கேரளா கதையே. 1985ல கோட்டயம் பக்கம் மூணு பிள்ளைங்க தேசிய கீதத்துக்கு மரியாதையா எந்திரிச்சு நின்னாங்க, ஆனா அவங்க மத நம்பிக்கை காரணமா பாடல. ஸ்கூல விட்டு அனுப்பிட்டாங்க. சுப்ரீம் கோர்ட் 1986ல அது தப்புன்னு சொல்லி திரும்ப சேத்துக்கச் சொல்லுச்சு. பிஜோ இம்மானுவேல் கேஸ். சொன்னத செய்யறவன் தான் ஒழுக்கமான பையன்னு நாம எல்லாருமே நெனச்சுக்கறோம். இத ஒன்பதாவது பிள்ளைங்க கிட்ட குடுத்து நீ ஹெட்மாஸ்டரா இருந்தா என்ன பண்ணுவன்னு கேட்டுப் பாருங்க.

பி.எட்_பாலு:

ஐயா அந்த டிபன் பாக்ஸ் கிளாஸ் செம. அப்படி எடுத்தா நான் எதுக்கு எதிர்க்கப் போறேன். ஆனா உங்கள மாதிரி எத்தன பேரு எடுப்பாங்க? மத்த எடத்துல குறள பத்து தடவ எழுதிட்டு வா தான். கெட்ட வார்த்தை பேசுனதுக்கு தண்டனையா குறள் எழுதுன பையன் நான், இனியவை கூறல் அதிகாரத்தையே கெட்ட வார்த்தையோட தான் ஞாபகம் வச்சிருக்கேன்.

ஆனைமலை ஆட்டோ:

எல்லாரும் படிச்சவங்க பெருசு பெருசா பேசறீங்க, நான் ஒரு சின்ன சந்தேகம் கேக்கறேன். அந்த புகையிலை பொட்டலம் பசங்களுக்கு எங்க இருந்து வந்துச்சுங்க? ஆகாசத்துல இருந்தா விழுந்துச்சு? கடைய பத்தி ஒருத்தரும் பேசல.

மறையூர் டீச்சர்:

அண்ணா கேட்டது சரியான கேள்வி. ஸ்கூல் சுத்தி 100 கஜத்துக்குள்ள சிகரெட் புகையிலை விக்கக் கூடாது, 18 வயசுக்கு கீழ யாருக்கும் எங்கயுமே விக்கக் கூடாது, 2003ல வந்த புகையிலை சட்டத்துலயே இருக்கு. அது போக சிறார் நீதிச் சட்டம் 2015ல 77ஆவது பிரிவு, கொழந்தைக்கு போதைப் பொருளோ புகையிலையோ குடுத்தா ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். பிடிஏ லெட்டர்பேடுல எழுதி எக்ஸைஸ் ஆபீஸ்லயும் போலீஸ் ஸ்டேஷன்லயும் குடுத்து ரசீது வாங்குங்க. எக்ஸைஸ்ல விமுக்திங்கற போதை ஒழிப்பு திட்டத்துக்குன்னே ஆள் இருப்பாங்க, பசங்கள மிரட்டாம கவுன்சிலிங்குக்கும் அவங்க வழி சொல்வாங்க. அந்த ஒன்பதாவது பசங்க பேர போலீசுக்கு குடுக்காதீங்க தயவு செஞ்சு, ஸ்கூல் கவுன்சிலர் டீச்சர் கிட்ட மட்டும் போதும்.

பார்டர்அம்மா:

ஆட்டோ அண்ணா, கடை ஸ்கூல் கேட்டுக்கு நேர் எதுத்தாப்புல இருக்குது. எல்லாருக்கும் தெரியும். பிடிஏல முக்கியமான பொறுப்புல இருக்கற ஒருத்தரோட மச்சான் கடை. அன்னிக்கு பெரம்பு வேணும்னு சத்தம் போட்டதுல அவரும் ஒருத்தர்.

ஆனைமலை ஆட்டோ:

ஆஹா. இப்ப புரியுது ஏன் எல்லாரும் ட்ரஸ்ட் கிளாசுக்கு அவ்வளவு ஆர்வமா இருக்காங்கன்னு 😂

பார்டர்அம்மா:

சிரிக்காதீங்கண்ணா, ஊருக்குள்ள மூஞ்சில முழிக்க வேண்டியவ நானு. ஆனா எழுதிட்டேன். மீட்டிங்ல வைக்கப் போறது இது: ட்ரஸ்ட் கிளாஸ் வேண்டாம், வாரம் ஒரு பீரியட் கிளாஸ் மீட்டிங், நம்ம டீச்சரே, மார்க் கெடையாது, பிரதிக்ஞை ரெண்டு பாஷைல, விளையாட்டுக்கும் எலெக்‌ஷனுக்கும் மீடியம் கலந்த குழு, ஹானஸ்டி ஷாப்புக்கு முதல் சரக்கு வாங்க பிடிஏ பணத்துல இருந்து கொஞ்சம். கடை லெட்டர் தனி, அத எம்பிடிஏல (அம்மாக்களுக்கான பிடிஏ) இருக்கற நாலு அம்மாங்க சேர்ந்து கையெழுத்துப் போட்டு நேரா எச்.எம். டீச்சர் கைல குடுக்கறோம், மீட்டிங்ல வச்சா அமுக்கிருவாங்க. மலையாள மீடியத்துல இருந்து ரெண்டு அம்மா கையெழுத்துக்கு ஒத்துக்கிட்டாங்க, ஒருத்தங்க பையன் தான் பஸ் ஸ்டாப்புல எம் பையன் கூட சண்டை போட்டவன்.

டீச்சர், அந்த லெட்டர மலையாளத்துல எழுத ஒரு மாடல் இருந்தா இங்க போடுங்களேன். எனக்கு பேச வரும், எழுத வராது.

மறையூர் டீச்சர்:

ராத்திரி எழுதி போடறேன். கடை பேரோ கடைக்காரர் பேரோ போட வேண்டாம், ஸ்கூல் கேட்டுல இருந்து இத்தன மீட்டர் தூரம்னு அளந்து எழுதுங்க. டேப்பு பிடிக்க அந்த ரெண்டு பசங்களையும் கூட்டிட்டுப் போங்க.